தலைமுழுக்கு

ஆஸ்பத்திரியிலிருந்து தபாலில் வந்த மஞ்சள் கடுதாசியை நேசமலர் மூன்று நாளாகக் குளிர்ப்பெட்டிக்கு மேலே வைத்திருந்தாள். அவளுடைய புருசன் தவராசா அதை இரண்டு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை வரட்டும்" என்று விட்டுவிட்டான். அண்ணை என்றால் நடேசண்ணை. அந்தக் காலத்தில் ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் இருந்த தமிழ்ச் சனம் மொத்தம் பதினொரு குடும்பம். பதினொரு குடும்பத்துக்கும் காய்ச்சல் வந்தாலும், கால் சுளுக்கினாலும், குளிசைப் போத்தலில் எழுதியிருப்பது விளங்காவிட்டாலும் அவர்தான் கதி.

நடேசண்ணை இலங்கையில் அப்போதிக்கரி என்கிற உதவி டொக்டருக்குக் கீழே நின்று மருந்து கலந்தவர். ரொறன்ரோவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரேப் பகுதியில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தள்ளுகிற வேலை. ஆனால் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் தள்ளுவார். யாராவது 'டொக்டர் அண்ணை' என்று கூப்பிட்டால், "சும்மா இருங்கோப்பா" என்பார். அதற்கு மேல் மறுக்க மாட்டார். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது. பனியில் நனைந்து நனைந்து எத்தனையோ பேருக்காக ஓடித் திரிந்த கால்கள் அவை. தவராசாவுக்குப் பிளாஸ்ரிக் பக்டறியில் வேலை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். இப்போது தவராசாவின் தம்பி சிறிகாந்தனை ஊரிலிருந்து கூப்பிடுவதற்குப் பொறுப்புக் கையெழுத்து வைக்கப் போகிறவரும் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். கோதுமைமாப் புட்டு, ரின் மீன் குழம்பு, காய்ந்த தேங்காய்ப்பூவைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து இடித்த சம்பல். ஒரு கையால் புட்டைக் குழைத்துக்கொண்டு மற்றக் கையால் கடுதாசியைத் தூக்கிப் பிடித்தார்.

"தங்கச்சி, வடிவாக் கேளும். திங்கட்கிழமை முழுக்கச் சாப்பாடு இல்லை. தெளிஞ்ச சூப்பு, பால் விடாத தேத்தண்ணி, அவ்வளவுதான். பின்னேரம் நாலு மணிக்கு ஆமணக்கெண்ணெய்ப் போத்தல் முழுக்கக் குடிக்கோணும்."

"குடிச்சால்?"

"குடிச்சால் பேந்து கக்கூசும் நீரும்தான்."

தவராசா வாய்க்குள் இருந்த புட்டுச் சிதறச் சிரித்தான். நேசமலர் சிரிக்கவில்லை. வலது பக்க அடிவயிற்றில் மூன்று மாதமாக ஒரு குத்து. ஸ்படைனா வீதியில் கோட்டுத் தைக்கிற பக்டறியில் அவளுக்குப் பொக்கற் துணி பொருத்துகிற வேலை. நாள் முழுக்க வலது காலால் மெசினை மிதித்து மிதித்துத்தான் அந்தக் குத்து வந்தது என்று அவள் நினைத்தாள். குடும்ப டொக்டர் அப்படி நினைக்கவில்லை. குடலைப் படம் பிடித்துப் பார்க்கவேண்டும் என்று எழுதிவிட்டார்.

"வயித்துக்குள்ளை ஒண்டும் கிடக்கப்படாது. அப்பதான் படம் தெளிவா விழும். சுண்ணாம்புத் தண்ணி மாதிரி ஒரு வெள்ளைச் சாமான் உள்ளை விடுவினம். அது போற இடமெல்லாம் படத்திலை தெரியும்."

"குடிக்க ஏலாத மாதிரி இருக்குமோ, அண்ணை?"

நடேசண்ணை புட்டுக் கோப்பையைப் பார்த்தார். "அது... அவையள் பாத்துச் செய்வினம்."

பிறகு கடுதாசியைத் திருப்பிப் பின்பக்கத்தை மனதுக்குள் வாசித்தார். வாசிக்க வாசிக்கக் காது சிவந்தது. சட்டென்று நாலாக மடித்துவிட்டார்.

"பின்னாலை என்ன கிடக்கு?"

"உது பொம்பிளையளுக்குப் பொதுவா எழுதிற விசயம். உமக்குத் தேவைப்படாது. நீர் சுத்தபத்தமா வெளிக்கிட்டு வாரும், மிச்சத்தை நான் பாக்கிறன்."

மருந்தைப் பற்றி மணிக்கணக்காகக் கதைக்கிற மனிதருக்குப் பெண்ணுடம்பு என்று வந்தால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவரை வளர்த்த விதம் அப்படி. எங்களில் எத்தனை பேரை வேறு விதமாக வளர்த்தார்கள்?

செவ்வாய்க்கிழமை தவராசா ஐந்தரைக்கே வேலைக்குப் போய்விட்டான். லீவு கேட்டால் ஃபோர்மன் முகம் சுளிப்பான். நேசமலர் இரவெல்லாம் கக்கூசும் அறையுமாக அலைந்து களைத்துப் போயிருந்தாள். என்றாலும் சுத்தபத்தமாக வரச் சொன்னாரே என்று, சீயக்காய்த் தூள் கரைத்துத் தலைக்கு முழுகினாள். காய வைக்க நேரமில்லை. ஈரக் கூந்தலைக் கோட்டுக் கொலருக்குள் செருகிக்கொண்டு கிங் வீதியில் தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ற்றீற்காருக்கு நின்றாள். அது எழுபத்தேழாம் ஆண்டு தை மாதம். ஸ்ற்றீற்கார் வருவதற்குள் கூந்தல் நுனி உறைந்து விறைத்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் வெள்ளைக் கோட்டோடு நடேசண்ணை நின்றார். அவரைக் கண்டதும் அவளுக்கு உயிர் வந்தது. நிலத்துக்குக் கீழே இரண்டு மாடி இறக்கிக் கூட்டிப்போனார். சேலையைக் கழற்றிவிட்டு, முதுகுப் பக்கம் கயிறு வைத்த ஒரு சட்டையைப் போடச் சொன்னார்கள். படம் எடுக்கிற வெள்ளைக்காரப் பெட்டை அவளுடைய தாலிக்கொடியைக் காட்டி ஏதோ சொன்னாள். நடேசண்ணைக்கு உடம்பெல்லாம் ரோசம் வந்துவிட்டது.

"அது கழட்டிற சாமான் இல்லையெண்டு சொல்லிப்போட்டன், தங்கச்சி. முதுகுப் பக்கமாத் திருப்பி மேலை இழுத்துவிடட்டாம். அவளுக்கு என்ன தெரியும்?"

தாலிக்கு அவ்வளவு வாதாடினார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெட்டை ஒரு அட்டையில் கடுதாசியைச் செருகிக்கொண்டு கேள்வி கேட்கத் தொடங்கினாள். பேர், விலாசம், ஒப்பரேசன் ஏதும் செய்ததுண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா. எல்லாவற்றுக்கும் நடேசண்ணையே அவளைக் கேளாமல் மறுமொழி சொன்னார். ஒரு கேள்விக்கு மட்டும் அவர் வாய் நின்றது. பெட்டை திருப்பிக் கேட்டாள். நடேசண்ணை தொண்டையைச் செருமினார். சுவரில் தொங்கிய நெருப்பணைக்கிற சிலிண்டரைப் பார்த்தபடி கேட்டார்.

"தங்கச்சி... முழுகியாச்சோ?"

"ஓம் அண்ணை."

"எப்ப முழுகினனீர்?"

"இண்டைக்கு விடியத்தான். தலையிலை இன்னும் ஈரம் கிடக்கு."

நடேசண்ணையின் முகத்தில் பெரிய பாரம் இறங்கின மாதிரி ஒரு தெளிவு. விரல் மடித்து ஒரு கணக்குப் பார்த்தார். பெட்டையிடம் ஏதோ சொன்னார். அவள் "குட்" என்று எழுதிக்கொண்டாள்.

இந்த மனிதர் ஏன் நான் குளித்ததையெல்லாம் தோண்டிக் கேட்கிறார் என்று நேசமலருக்கு ஒரு கணம் தோன்றாமல் இல்லை. வெள்ளைக்காரர் சுத்தம் பார்க்கிறவர்கள், நல்லவேளை முழுகிவிட்டு வந்தேன் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள்.

வெள்ளைச் சாமான் குடிப்பதற்கல்ல என்பது மேசையில் குப்புறப் படுத்த பிறகுதான் தெரிந்தது. வாய் இருக்கிற பக்கம் யாரும் வரவில்லை. குழாய் பின்பக்கமாக வந்தது. வெட்கத்தில் அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். மேசை இங்கும் அங்கும் சரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் பெட்டை ஏதோ சொல்வாள், உடனே நடேசண்ணையின் குரல் வரும்: "மூச்சை இழுத்துப் பிடியும், தங்கச்சி! பிடியும், பிடியும்... இனி விடும்!" அண்ணன் முறையான ஒரு ஆம்பிளை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று இதையெல்லாம் பார்க்கிறாரே என்று அவள் உயிர் கூசியது. எத்தனை தரம் பிடித்தாள், எத்தனை தரம் விட்டாள் என்று கணக்கில்லை.

குடலில் ஒன்றும் இல்லை என்று பத்து நாளில் மறுமொழி வந்தது. குத்தும் தன்பாட்டில் குறைந்துவிட்டது.

மாசி நடுப்பகுதியில் பக்டறியில் மெசின் எண்ணெய் மணம் அவளுக்கு வயிற்றைப் புரட்டியது. இரண்டு தரம் எழும்பி ஓடினாள். பக்கத்து மெசினில் இருக்கிற போத்துக்கீசப் பெண் மரியாவுக்கும் அவளுக்கும் பொதுவாக இருபது சொல் கூட இல்லை. மரியா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தன் பெரிய கையை நேசமலரின் வயிற்றில் வைத்து, "பேபி" என்றாள்.

நேசமலருக்கு அது ஒழுங்காக வருகிறதில்லை. ஒரு மாதம் தள்ளிப் போவதும் இரண்டு மாதம் தள்ளிப் போவதும் பழக்கம்தான். கலியாணம் கட்டி ஆறு வருசம். மாமியின் நீலக் கடுதாசி ஒவ்வொன்றும் 'விசேசம் ஒன்றும் இல்லையோ' என்றுதான் முடியும். அவள் அந்தக் கடைசி வரியை வாசிக்காமலே மடித்து வைக்கப் பழகியிருந்தாள். இப்போது குடும்ப டொக்டர் சலத்தைச் சோதித்துவிட்டு, பிள்ளைதான் என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று பின்னேரம் தவராசா கடைக்கு ஓடிப் போய் ரவையும் முந்திரிகை வத்தலும் வாங்கி வந்து, தானே நின்று கேசரி கிண்டினான். அடி பிடித்துவிட்டது. அடிபிடித்த கேசரியை இரண்டு பேரும் சட்டியோடு சுரண்டித் தின்றார்கள். அவளுடைய வாழ்க்கையில் அதைப்போல ருசியான ஒன்றை அவள் தின்றதில்லை.

அந்தச் சந்தோசத்துக்கு ஆயுசு மூன்று நாள். குடும்ப டொக்டர் பழைய கடுதாசிகளைப் புரட்டியபோது எக்ஸ்ரே எடுத்த திகதியைக் கண்டார். உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போன் பண்ணினார். திங்கட்கிழமை வரச் சொல்லி அழைப்பு வந்தது.

நரை விழுந்த ஒரு வெள்ளைக்கார அம்மா டொக்டர். மேசைக்கு முன்னால் நேசமலர், ஒரு பக்கம் தவராசா, மற்றப் பக்கம் வெள்ளைக் கோட்டோடு நடேசண்ணை. டொக்டர் அம்மா எக்ஸ்ரேப் பெட்டை எழுதிய கடுதாசியை எடுத்து ஒரு வரியில் விரலை வைத்துக் கேட்டார். நடேசண்ணையின் குரல் ஏனோ இறங்கியிருந்தது.

"தங்கச்சி, அண்டைக்கு நான் கேக்க, முழுகியாச்செண்டு நீர் சொன்னனீரோ இல்லையோ?"

"ஓம், சொன்னனான்."

நடேசண்ணை டொக்டரிடம் திரும்பி, "ஷி செட் யெஸ்" என்றார். டொக்டர் அம்மா நெற்றியைத் தடவிக்கொண்டு கடுதாசியையும் அவள் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் நேசமலருக்கு உறைத்தது. முழுகுவது. முழுகாமல் இருப்பது. பிள்ளை வயிற்றில் தங்கினவளை 'முழுகாமல் இருக்கிறாள்' என்றுதானே எங்கள் சனம் சொல்லும். மாதத் தூரம் கழிந்து முழுகினாயா என்றல்லவா இந்த மனிதர் அன்று கேட்டிருக்கிறார்! கேட்கக் கூச்சப்பட்டு, மூடி மறைத்து, தலையில் சொட்டுகிற ஈரத்தோடு நிற்கிறவளிடம் முழுகியாச்சோ என்றால் அவள் வேறு என்ன சொல்லுவாள்?

"ஐயோ அண்ணை, நான் தலைக்கு முழுகினதையெல்லோ சொன்னனான்! சீயக்காய் வைச்சு முழுகினதை! நீங்கள் அதைக் கேட்டனீங்கள் எண்டு எனக்குத் தெரியாது. எனக்கு மார்கழி துவக்கத்துக்குப் பிறகு வரேல்லை. டொக்டருக்குச் சொல்லுங்கோ!"

நடேசண்ணை கல்லாகிப் போனார். அவருக்கும் விளங்கிவிட்டது. அவர் முகம் இரத்தமில்லாமல் வெளுத்ததை நேசமலர் கண்ணால் கண்டாள். டொக்டர் அம்மா, இவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

"ஷி இஸ் வொறீட், டொக்டர்."

நாலே நாலு சொல். அவள் சொன்னது எத்தனை சொல்! வொறி என்றால் கவலை என்று அவளுக்குத் தெரியும், பக்டறியில் ஒரு நாளைக்கு நூறு தரம் கேட்கிற சொல். அவள் தவராசாவைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டொக்டர் அம்மா நெடுநேரம் பேசினார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, ஒரு தரம் நேசமலரைப் பார்த்தும் ஒரு தரம் தவராசாவைப் பார்த்தும் சொன்னார். தவராசா "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினான்; இடையில் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான். அவன் ஃபோர்மனுக்கும் அப்படித்தான் தலையாட்டுகிறவன். முடிந்ததும் நடேசண்ணை தமிழில் சொன்னார்.

"எக்ஸ்ரேக் கதிர் பட்டதாலை பிள்ளை பழுதாத்தான் பிறக்குமாம், தங்கச்சி. எடுத்துவிடுறதுதான் நல்லதெண்டு சொல்லுறா. டொக்டர்மாரின்ரை கொமிற்றி ஒண்டு இருக்கு. நீர் கையெழுத்து வைச்சால் அவையள் பாத்து முடிவெடுப்பினம். எத்தினை மாதமெண்டு அறிய வியாழக்கிழமை வேறையொரு படம் எடுக்கோணுமாம். உதுக்குக் கதிர் இல்லை, பயப்பிடாதையும்."

தனக்குத் தனக்கென்றால் சுளகு படக்குப் படக்கென்னுமாம். கேள்வி கேட்டது யார், பிழை விட்டது யார் என்று ஒரு விசாரணை வந்தால் வண்டி தள்ளுகிறவனுக்கு மொழிபெயர்க்கிற வேலையை யார் கொடுத்தது என்ற கேள்வியும் வரும். பிள்ளை இல்லையென்றால் கேள்வியும் இல்லை. நடேசண்ணை கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்தவனை நம்பிக் கிணற்றில் இறங்கக்கூடாது.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றக்கூட இல்லை, நேசமலர் கேட்டாள்.

"நான் தலைக்கு முழுகினதைத்தான் சொன்னனான் எண்டு உங்களுக்கு விளங்கிச்சுதோ இல்லையோ?"

"விளங்கிச்சுது."

"அப்ப ஏன் டொக்டருக்குச் சொல்லேல்லை?"

"எனக்கு அந்தளவு இங்கிலிசு வருமே, நேசம்? அண்ணையும் வேணுமெண்டு செய்தவரே? வாய் தவறிப்போச்சு."

"வாய் தவறினதை நான் பொறுப்பன். தெரிஞ்ச பிறகும் என்ரை தலையிலை ஏன் போட்டவர்? அந்தக் கடுதாசியிலை இப்ப நான்தான் பொய் சொன்னவள் எண்டெல்லோ கிடக்கு?"

"கடுதாசியிலை என்ன கிடந்தால் உமக்கென்ன? ஆர் பாக்கப் போகினம்? இப்ப அண்ணையைக் காட்டிக் குடுத்தால் அவற்றை வேலை போகும். சிறிகாந்தனுக்குக் கையெழுத்து வைக்கிறது ஆர்? அவன் அங்கை ஒரு வருசமாக் காத்துக்கொண்டு நிக்கிறான்."

"உங்கடை தம்பிக்காக என்ரை வாயை அடைக்கிறியளோ?"

"அதை விடும், நேசம். பழுதான பிள்ளையை வைச்சுக்கொண்டு இந்தக் குளிருக்குள்ளை, சொந்தபந்தம் இல்லாத ஊரிலை, நாங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போறனாங்கள், என்ன செய்யப் போறம்? டொக்டரே சொன்ன பிறகு..."

அந்த இடத்தில்தான் அவள் விழுந்தாள். அண்ணை பொய் சொல்லலாம், புருசன் வாய் மூடலாம், டொக்டர் ஏன் பொய் சொல்லப் போகிறார்? செவ்வாயும் புதனும் அவள் வேலைக்குப் போய்ப் பொக்கற் துணி பொருத்தினாள். மரியா ஒரு சின்னக் கம்பளித் தொப்பி பின்னிக்கொண்டு வந்து அவள் மடியில் போட்டாள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் நூல்கட்டைப் பெட்டிக்குள் மறைத்து வைத்தாள். புதன்கிழமை பின்னேரம் பருப்பு அவிந்துகொண்டிருக்கையில், "சரி, கையெழுத்து வைக்கிறன்" என்றாள். தவராசா அவளுடைய கையிலிருந்த அகப்பையை வாங்கித் தான் துழாவினான்.

வியாழக்கிழமைப் படத்துக்கு விதி வேறு. பட்டினி கிடக்கத் தேவையில்லை. ஐந்து தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, சலம் கழிக்காமல் அடக்கிக்கொண்டு வரவேண்டும். முட்டுகிற அடிவயிற்றோடு காலைச் சேர்த்துச் சேர்த்து வைத்து நடந்தாள். அறை வாசலில், கூட வந்த தவராசாவையும் நடேசண்ணையையும் மறித்துவிட்டார்கள். பெண்கள் பகுதி, ஆம்பிளைகள் வெளியே இருக்கட்டும் என்றார்கள். நடேசண்ணை அந்த அறைக்குள் ஏதோ சொல்லப் பார்த்தார். கதவு மூடிவிட்டது.

உள்ளே வெள்ளை உடுப்பில் ஒரு கறுத்த, மெல்லிய பெண். நெற்றியில் ஊசிமுனை அளவு பொட்டு.

"வாங்க. தமிழா? பேரைப் பார்த்தேன். நான் வேதவல்லி, மெட்ராஸ். இங்க அல்ட்ரா சவுண்ட் எடுக்கற டெக்னீஷியன். படுங்க, முட்டுதா? கொஞ்சம் பொறுத்துக்குங்க. பை நிறைஞ்சிருந்தாத்தான் பின்னால இருக்கறது தெரியும்." கடுதாசியை எடுத்தாள். "கடைசியா தலைக்குக் குளிச்சது எப்போங்க?"

நேசமலர் படுத்தபடியே அவளை உற்றுப் பார்த்தாள். "எந்தக் குளிப்பு?"

"என்னது?"

"தண்ணியிலை குளிக்கிறதோ, மற்றதோ? சரியாச் சொல்லிக் கேளுங்கோ, அக்கா. உந்தக் குளிப்பாலைதான் நான் இண்டைக்கு இஞ்சை கிடக்கிறன்."

வேதவல்லி கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு பீரியட் கடைசியா எப்போ ஆரம்பிச்சுது?"

"மார்கழி, டிசெம்பர் நாலாம் திகதி. சனிக்கிழமை." சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை டொக்டர், இத்தனை கடுதாசி, இத்தனை படத்துக்குப் பிறகு, அவளிடம் அவளைப் பற்றி நேராகக் கேட்ட முதல் ஆள் இவள்தான். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சீயக்காய், நெருப்பணைக்கிற சிலிண்டர், நாலு சொல், கொமிற்றி, கையெழுத்து.

வேதவல்லி வயிற்றில் எண்ணெய் தடவி, மெசினிலிருந்து நீண்ட இரும்புக் கையொன்றின் நுனியை மெல்ல இழுத்துக்கொண்டே அவள் சொல்வதைக் கேட்டாள். சின்னத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் சேர்ந்து சேர்ந்து ஒரு உரு விழுந்தது. "பன்னண்டு, பதிமூணு வாரம். நீங்க சொன்ன தேதிக்குச் சரியா இருக்கு" என்றாள். பிறகு கோப்பைத் திறந்து டொக்டரின் கடிதத்தை ஒரு தரம் வாசித்தாள். திரும்ப ஒரு தரம் வாசித்தாள்.

"பழுதாத்தான் பொறக்கும்னு டாக்டர் சொன்னதா யார் சொன்னது?"

"நடேசண்ணை."

"அப்படி இதுல இல்லீங்க. ஆபத்து கொஞ்சம் கூடலாம், ஆனா சின்னதுதான், பெரும்பாலும் குழந்தை நல்லாத்தான் பொறக்கும்னு எழுதியிருக்காங்க. உறுதி சொல்ல முடியாது, பயமா இருந்தா கமிட்டிக்குப் போகலாம், வேண்டாம்னா வேண்டாம், முடிவு அம்மாவோடதுன்னு இருக்கு." அவள் கொஞ்சம் தயங்கினாள். "இன்னொண்ணும் எழுதியிருக்காங்க. வீட்டுக்காரருக்கு மெதுவா ரெண்டு தடவை சொன்னேன், புரிஞ்சுதான்னு கேட்டேன். புரிஞ்சுது, வீட்ல போய் நானே சொல்றேன்னார்னு."

நேசமலருக்குச் சலம் முட்டுவது மறந்துபோயிற்று. நடேசண்ணையின் பொய்யை அவள் திங்கட்கிழமையே அழுது முடித்துவிட்டாள். இது வேறு. கேசரி கிண்டின கை. அகப்பையை வாங்கித் துழாவின கை. மூன்று நாளாக ஒரே பாயில் படுத்துக்கொண்டு, அவள் அழுகிறதைக் கேட்டுக்கொண்டு, தொண்டைக்குள் அந்த நல்ல செய்தியை வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறான். 

"அக்கா, என்னை அந்த டொக்டரட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நீங்களும் நில்லுங்கோ. நீங்கள் ஒண்டும் சொல்லத் தேவையில்லை, சும்மா பக்கத்திலை நிண்டால் போதும்."

டொக்டர் அம்மாவின் அறைக்கு ஆம்பிளைகள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். தவராசாவின் சட்டைப் பையில் கையெழுத்து வைக்கிற கடுதாசி மடித்துக் கிடந்தது. வேதவல்லியைக் கண்டதும் நடேசண்ணை கோட்டுப் பொத்தானைத் தடவத் தொடங்கினார். என்ன முடிவு என்று டொக்டர் அம்மா கேட்டார். நடேசண்ணை வாயைத் திறந்தார்.

"நீங்கள் இருங்கோ, அண்ணை," என்றாள் நேசமலர். "இவர் சொல்லட்டும்."

"எனக்கெங்கை இங்கிலிசு..." தவராசா அவளைப் பார்த்தான், வேதவல்லியைப் பார்த்தான், மிச்சத்தை விழுங்கிவிட்டான்.

"திங்கட்கிழமை விளங்கினது இண்டைக்கு மறந்துபோச்சுதோ? நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லுங்கோ. இந்த அக்கா ரெண்டு பாசையும் தெரிஞ்சவ. எக்ஸ்ரே எடுத்த அண்டைக்கு என்னட்டை ஒருத்தரும் அந்தக் கேள்வியைக் கேக்கேல்லை எண்டு சொல்லுங்கோ. நான் முழுகினது தண்ணியிலை எண்டு சொல்லுங்கோ."

தவராசா சொன்னான். முதலில் குரல் உடைந்தது. பிறகு வந்தது. டொக்டர் அம்மா பேனையை எடுத்து எழுதத் தொடங்கினார்.

நடேசண்ணை கதிரையில் இருந்துவிட்டார். "நான் பயந்துபோனன், தங்கச்சி," என்றார் தரையைப் பார்த்து. "சத்தியமாப் பயந்துபோனன்." 

"பிள்ளை எப்பிடிப் பிறந்தாலும் எனக்கு வேணும் எண்டு சொல்லுங்கோ."

தவராசா அதையும் சொன்னான். சொல்லிவிட்டு, "நேசம், வீட்டை போய்க் கதைப்பம், காணும்" என்று அவளுடைய தோளைத் தொட வந்தான். அவள் விலகி நின்றாள்.

"இன்னும் ஒண்டு கிடக்கு. டொக்டர் சொன்னதை எனக்குச் சொல்லாமல் மூண்டு நாள் மறைச்சு வைச்சது என்ரை புருசன் எண்டும் சொல்லுங்கோ."

 டொக்டர் அம்மா பேனையோடு காத்திருந்தார். தவராசா நெற்றி வேர்வையைத் துடைத்தான். பிறகு நிமிர்ந்து நின்று சொன்னான். நீளமான வசனம். எங்கும் தட்டவில்லை, தடுக்கவில்லை. 'ஹஸ்பண்ட்' என்ற ஒரு சொல்லை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னான்.

ஆறு வருசம் கூட வாழ்ந்த மனிதனுக்கு இவ்வளவு நல்ல இங்கிலிசு தெரியும் என்று நேசமலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.